எட்டு மாதமாக ஒரே சாட்: ஏஐ உதவியாளரின் சாட்களை எப்படிப் பிரிப்பது, எதை வைப்பது, எதை விடுவது?

வந்த கேள்வி இது: "கணினியில் ஏஐ உதவியாளர் ஆப் ஒன்றை எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். முக்கியமான வேலையெல்லாம் ஒரே சாட்டில்தான் நடக்கிறது. அதற்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதால் புதிதாகத் தொடங்க மனம் வரவில்லை. ஆனால் இப்போது பதில் வரவே நேரமாகிறது, முன்பே சொன்னதையும் மறக்கிறது. இன்னொரு பக்கம், அவசரத்துக்குத் தொடங்கிய சின்னச் சின்ன சாட்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. எப்போது புது சாட் தொடங்க வேண்டும்? பழையதை டெலிட் செய்யலாமா?"

உங்கள் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதோடு ஒட்டியதுதான். அந்த சாட்டுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும், அந்த சாட்டின் முதல் வரியிலிருந்து இப்போது தட்டிய வரி வரை மொத்தத்தையும் ஒரே நீளத் தாளில் எழுதியதுபோல் சேர்த்துத்தான் மாடலிடம், அதாவது பதில் எழுதும் ஏஐ மென்பொருளிடம், ஆப் கொடுக்கிறது. மாடல் அதை மேலிருந்து கீழே பார்த்து ஒரு பதில் எழுதுகிறது. எழுதி முடித்ததும் அதனிடம் எதுவும் மிஞ்சாது. அடுத்த கேள்விக்கு மறுபடி முதல் வரியிலிருந்து. வேகத்துக்காக, ஏற்கெனவே பார்த்த பகுதியின் கணக்கீட்டைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு. ஆனாலும் அடிப்படை மாறுவதில்லை: உங்களைப் பற்றி அதற்குத் "தெரிந்தது" அனைத்தும் அந்தத் தாளில் எழுதியிருப்பது மட்டுமே. தாள் நீள நீள, அதில் இன்றைய வேலைக்குத் தேவையானதன் பங்கு குறைந்துகொண்டே போகிறது.

அந்தத் தாளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை டோக்கன் கணக்கில் சொல்வார்கள். டோக்கன் என்பது மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு. 2020-ல் வந்த ஜிபிடி-3 என்ற மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது 2,048 டோக்கன். 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 அதை 8,192 ஆக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் க்ளாட் 2.1 இரண்டு லட்சத்தைத் தொட்டது. 2024 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினி 1.5 ப்ரோ பத்து லட்சம் என்றது. தமிழில் தட்டுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே விஷயத்தைத் தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாகும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது, எடுத்துக்காட்டாகக் காட்டிய ஒரு தமிழ்ப் பத்தி பழைய முறையில் 116 டோக்கன் பிடித்ததாகவும் புதிய முறையில் 35 போதும் என்றும் சொன்னது. இடைவெளி நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதும் போய்விடவில்லை. அதனால் தமிழ் சாட் ஒன்று நாம் நினைப்பதற்கு முன்பே நிரம்பும்.

நிரம்பினால் என்ன ஆகும் என்பது ஆப்புக்கு ஆப் மாறும். சில ஆப்கள் "இந்த உரையாடல் எல்லையைத் தொட்டுவிட்டது, புதிதாகத் தொடங்குங்கள்" என்று நேராகச் சொல்லிவிடும். சில, மேலே இருக்கும் பழைய செய்திகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் அனுப்பும். வேறு சில, பழைய பகுதியைத் தானே சுருக்கி அந்தச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். எரிச்சலாக இருந்தாலும் அதில் ஏமாற்றம் இல்லை.

இரண்டாவது வகையில் நான் பட்டதைச் சொல்கிறேன். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. ஒருமுறை பம்ப் பராமரிப்புக் கையேடு ஒன்றை ஒரே சாட்டில் பகுதி பகுதியாகச் செய்துகொண்டிருந்தேன். முதல் செய்தியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன்: "வால்வு, கேஸ்கெட், பேரிங் என்றே எழுது. படிப்பவர்கள் பணிமனையில் இருப்பவர்கள், அவர்கள் வாயில் வரும் சொல் இதுதான்." ஆறு பகுதி வரை ஒழுங்காக வந்தது. ஏழாம் பகுதியில், வால்வு என்று வர வேண்டிய இடத்தில் ஒரு வரி: "அடைப்பிதழை மெதுவாகத் திறக்கவும்." அவசரத்தில் கவனிக்கவில்லை. எட்டாம் பகுதி முழுக்க அடைப்பிதழ், அடைப்பிதழ். திரும்பிப் போய்ப் பார்த்தால், திரையில் என் முதல் செய்தி அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, மாடலுக்குப் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று. திரையில் மேலே ஸ்க்ரோல் செய்தால் தெரிவதெல்லாம் மாடலின் கண்ணிலும் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நீங்கள் "மறக்கிறது" என்று சொல்வதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எல்லைக்குள் இருக்கும்போதே கூட நீண்ட சாட் கெட்டுப்போகும். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பிங் தேடலுக்குள் சாட் கொண்டுவந்த புதிதில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் பேசியவர்களிடம் அது கோபப்பட்டது, காதல் பேசியது, பிடிவாதம் பிடித்தது. பதினைந்து கேள்விக்கு மேல் நீளும் செஷன்களில், அதாவது ஒரே சாட்களில், மாடல் தடம் மாறுகிறது என்று நிறுவனமே சொன்னது. ஒரு செஷனுக்கு 5 சுற்று (ஒரு கேள்வியும் அதன் பதிலும் ஒரு சுற்று), ஒரு நாளைக்கு 50 என்று பிப்ரவரி 17 அன்று கட்டுப்பாடு வைத்தது, சில நாளில் அதை 6, 60 என்று கொஞ்சம் தளர்த்தியது. சாட்டை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மருந்து என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் கிடைக்காது. இன்றைய மாடல்கள் எவ்வளவோ மேல், ஆனால் போக்கு அதேதான். நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாடல்கள் நன்றாக எடுத்துக்கொள்கின்றன, நடுவில் புதைந்ததைத் தவறவிடுகின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2025-ல் வந்த இன்னொன்று உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். ஒரே வேலையை முழுதாக ஒரே செய்தியில் சொன்னபோதும், அதையே பிய்த்துப் பிய்த்துப் பல சுற்றுகளில் சொன்னபோதும் மாடல்கள் எப்படிச் செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள். பிய்த்துச் சொன்னபோது தரம் சராசரியாக 39 சதவீதம் சரிந்தது. தொடக்கத்திலேயே அவசரப்பட்டு ஒன்றை ஊகித்துக்கொண்டு, பிறகு அந்த ஊகத்திலிருந்து மீள முடியாமல் போவதுதான் காரணம் என்று கண்டார்கள்.

செலவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும், கேள்வியும் பதிலும் சேர்த்து, 500 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது சுற்றில் அனுப்புவது 5,000. நாற்பதாவது சுற்றில் 20,000. ஒரே சாட்டில் நாற்பது சுற்று ஓட்டினால் கூட்டுத்தொகை 4,10,000. அதையே பத்துச் சுற்று வீதம் நான்கு சாட்டாகப் பிரித்தால் 1,10,000. பேசியது அதே அளவுதான். பதில் தாமதமாவதற்கும், சந்தாவில் இருந்தும் "இன்றைய வரம்பு முடிந்தது" என்று சீக்கிரமே வருவதற்கும் இது ஒரு பெரிய காரணம். எண்பது பக்க பிடிஎஃப் ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆப் அதை முழுதாக உள்ளே எடுத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், அதன் பிறகு நீங்கள் "நன்றி" என்று தட்டினாலும் அந்த எண்பது பக்கமும் கூடவே பயணிக்கும். தேவையான நான்கு பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துப் போடுங்கள்.

சரி, எப்போது புதிதாகத் தொடங்குவது? வேலை மாறும்போது. நாள் மாறுவதும், ஆப்பை மூடித் திறப்பதும் கணக்கில்லை. கையேட்டின் ஏழாம் பகுதியை மொழிபெயர்ப்பது ஒரு வேலை, அதே கையேட்டுக்காக வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது வேறு வேலை. விஷயம் ஒன்றுதானே என்று நான் முன்பு இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பேன். மின்னஞ்சலில் கையேட்டின் கட்டளைத் தொனி ஏறிவிடும், "உறுதிசெய்யவும், அனுப்பவும்" என்று. அது வாடிக்கையாளரின் மனதில் பதிந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு மாளாது.

இன்னொரு கட்டாயமான இடம், சரிபார்ப்பு. எழுதிய சாட்டிலேயே "இதில் பிழை இருக்கிறதா பார்" என்று கேட்காதீர்கள். அந்தத் தாளில் அந்த முடிவுகளை ஏன் எடுத்தோம் என்ற சமாதானம் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. மாடல் அதைப் படித்துவிட்டுத் தன் பதிலுக்குத் தானே பரிந்து பேசும். புதிய சாட்டில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் மட்டும் ஒட்டி, "இதை வேறொருவர் செய்தது, எங்கே பொருள் மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். நான் கொடுத்த அதே பக்கத்தில், எழுதிய சாட் "எல்லாம் சரி" என்று சொன்ன இடத்தில், புது சாட் ஒரு எதிர்மறைச் சொல் விடுபட்டிருப்பதைக் காட்டியது. "சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்" என்பதில் அந்தக் "காதீர்கள்" போய், "திறக்கவும்" ஆகியிருந்தது. அந்த ஒரு முறைக்குப் பிறகு நான் இந்த வழக்கத்தை விட்டதே இல்லை.

எல்லாவற்றுக்கும் புதிது தொடங்க வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மென்பொருள் கோளாறைத் துரத்தும்போது, எதை எதைச் செய்து பார்த்தீர்கள், என்ன பிழைச் செய்தி வந்தது என்ற வரலாறுதான் சரக்கு. அங்கே நடுவில் வெட்டினால் முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும். ஆனால் ஒரே தவறை இரண்டு முறை திருத்தியும் மூன்றாவது முறை அதே தவறு வந்தால், அந்தத் தாள் கறைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். மாடல் தவறாகச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கீழே போய், "இல்லை, அப்படி இல்லை" என்று தட்டுகிறோம். அந்தத் தவறான பதில் தாளிலேயே இருக்கிறது. அதன் கீழ் நம் மறுப்பு. அதன் கீழ் இன்னொரு அரைகுறைப் பதில். மாடல் அடுத்து எழுதும்போது இவை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறது. லிப்ரெஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் ஒரு பட்டியலை வடிகட்டி எடுக்க ஃபார்முலா கேட்டேன். எந்த மென்பொருள் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது க்வெரி என்ற ஃபார்முலாவைக் கொடுத்தது. அது கூகுள் ஷீட்ஸில் இருப்பது, கால்க்கில் கிடையாது. "இது வேலை செய்யவில்லை" என்றேன். க்வெரியை வேறு மாதிரி எழுதித் தந்தது. "எனக்கு கால்க்" என்றேன். பாதி கால்க், பாதி ஷீட்ஸ் என்று ஒரு கலவை வந்தது. நான்கு சுற்று இப்படியே போயிற்று. பிறகு மேலே என் முதல் கேள்விக்கே போய், அதன் ஓரத்தில் இருக்கும் பென்சிலை அழுத்தி, "லிப்ரெஆஃபீஸ் கால்க்கில்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பினேன். ஒரே பதிலில் முடிந்தது.

பழைய செய்தியை எடிட் செய்து அனுப்பினால், அந்த இடத்திலிருந்து ஒரு புதிய கிளை பிரியும். கீழே இருந்த தவறுகள் மாடலின் பார்வையிலிருந்து போய்விடும். சாட்ஜிபிடி, க்ளாட் போன்றவற்றில் பழைய கிளையும் அழியாது, செய்தியின் கீழ் தெரியும் சின்ன அம்புக்குறிகளை அழுத்தி முன்னும் பின்னும் போகலாம். ஒரு கிளையையே தனி சாட்டாகப் பிரித்துக்கொள்ளும் வசதியை சாட்ஜிபிடி 2025 செப்டம்பரில் கொண்டுவந்தது. ஒரு பத்தியை இரண்டு தொனியில் எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் சரியான கருவி.

இப்போது உங்களைத் தடுத்து வைத்திருக்கும் பயத்துக்கு வருவோம்: புதிதாகத் தொடங்கினால் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டுமே! வேண்டாம். பணி நேரம் முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போவார் அல்லவா, அதுபோல ஒரு கைமாற்றுக் குறிப்பை அந்த சாட்டையே எழுதச் சொல்லுங்கள். நான் தட்டுவது இதுதான்:

"இந்த சாட்டை இதோடு முடிக்கிறேன். இதே வேலையை வேறொரு சாட்டில் தொடரப் போகிறவருக்கு ஒரு குறிப்பு எழுது. முடிவானவை, அவற்றின் காரணம், முயன்று பார்த்துக் கைவிட்டவை, இன்னும் பாக்கி இருப்பவை, மாற்றவே கூடாத சொற்களும் எண்களும் வேண்டும். நாம் பேசாத எதையும் சேர்க்காதே. ஒரு பக்கத்துக்குள் முடி."

வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒருமுறை படித்துத் திருத்துவேன். கையேட்டு வேலையில் திருத்திய பின் அது இப்படி இருந்தது:

"பம்ப் பராமரிப்புக் கையேடு. 9 பகுதிகளில் 6 முடிந்தன. வால்வு, கேஸ்கெட், பேரிங் ஆகிய சொற்களை மாற்றக் கூடாது. எச்சரிக்கை வரிகள் 'செய்யாதீர்கள்' என்றே முடியும், 'தவிர்க்கவும்' வேண்டாம். மூடித் திருகின் முறுக்குவிசை 45 நியூட்டன் மீட்டர். படங்களுக்குள் இருக்கும் எழுத்தைத் தொட வேண்டாம், அது தனியாகப் போகிறது. பகுதி 4-ன் அட்டவணையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம், பக்க அளவுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம். அடுத்தது பகுதி 7."

இதில் என்னைப் பொறுத்தவரை விலைமதிப்புள்ள வரி அந்த அட்டவணை வரிதான். அது இல்லாவிட்டால் புது சாட் முதல் காரியமாக "அட்டவணையை இரண்டாகப் பிரிக்கலாமே" என்று யோசனை சொல்லும், நானும் மயங்கி ஒரு மணி நேரம் செலவழிப்பேன். முறுக்குவிசை வரிக்கும் ஒரு கதை உண்டு. மாடல் முதலில் எழுதித் தந்த குறிப்பில் அது "சுமார் 50" என்று இருந்தது. சுருக்கும்போது எண்கள்தான் முதலில் அடிபடும். தானாகச் சுருக்கிக்கொள்ளும் ஆப்களைப் பற்றி நான் எச்சரிப்பது இதனால்தான். அவை நீங்கள் பார்க்காத இடத்தில் இதைச் செய்கின்றன.

அந்தக் குறிப்பை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக, வேலை இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். சாட்டுக்குள் விடாதீர்கள். ஆப் மாறலாம், கணக்கு முடங்கலாம், மாடலே மாறலாம், அந்த ஃபைல் உங்களிடம் இருக்கும். முடிந்த வேலையின் கடைசிப் பிரதியும் அப்படியே. "அந்த சாட்டில் இருக்கிறது" என்று விட்டுவைத்த எதையும் தேவைப்பட்ட நேரத்தில் நான் கண்டுபிடித்ததில்லை. ஒரே வேலைக்குப் பல சாட்கள் வரும் என்றால் ப்ராஜெக்ட் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். க்ளாட் 2024 ஜூனிலும் சாட்ஜிபிடி 2024 டிசம்பரிலும் இதைக் கொண்டுவந்தன. நிலையான கட்டளைகளையும் தேவையான ஃபைல்களையும் ஒரு முறை போட்டுவிட்டால், அதற்குள் தொடங்கும் ஒவ்வொரு புது சாட்டுக்கும் அவை கிடைக்கும். என் சொற்பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அடைப்பிதழ் அதற்குப் பிறகு வந்ததில்லை.

குவிந்து கிடக்கும் பட்டியலைப் பற்றி: கணினி ஆப்களில் இந்தக் குவியல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், ஆப்பைச் சட்டென்று அழைக்கும் குறுக்கு விசைதான். சாட்ஜிபிடி மேக் ஆப்பில் ஆப்ஷனும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் எங்கிருந்தாலும் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் அதுவும் ஒரு சாட்டாகப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தற்காலிக சாட்டைப் பழக்கிக்கொள்ளுங்கள். அது வரலாற்றில் ஏறாது. மற்றவற்றுக்கு ஆப் தானாக வைக்கும் தலைப்பை நம்பாதீர்கள். அது உங்கள் முதல் வரியை வைத்து வைக்கும் பெயர், "மொழிபெயர்ப்பு உதவி" என்று பன்னிரண்டு இருக்கும். வேலை உருப்பெற்றவுடன், மூன்றாவது நான்காவது சுற்றில், பெயரை மாற்றிவிடுங்கள்: "பம்ப் கையேடு – பகுதி 7 – வரைவு". முடிந்ததும் முன்னால் "முடிந்தது" என்று சேர்த்து ஆர்க்கைவ், அதாவது அழிக்காமல் பட்டியலிலிருந்து ஒதுக்கி வைப்பது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும்.

டெலிட் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது எதை அழிக்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். பட்டியலிலிருந்து அது உடனே போய்விடும். சாட்ஜிபிடியில் சர்வரிலிருந்து போக 30 நாள் வரை ஆகும், தற்காலிக சாட்டுக்கும் அதே 30 நாள் வரை. சட்டக் காரணம் வந்தால் இதுவும் மாறும். 2025-ல் ஒரு வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதால், பயனர்கள் டெலிட் செய்த சாட்களையும் ஓபன்ஏஐ சில மாதங்கள் வைத்திருக்க வேண்டி வந்தது. அடுத்தது மெமரி. சாட்டிலிருந்து உங்களைப் பற்றி ஆப் தனியாகக் குறித்து வைத்திருக்கும் விஷயங்கள், அந்த சாட்டை டெலிட் செய்தாலும் இருக்கும். செட்டிங்ஸில் மெமரிப் பட்டியலைத் திறந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எட்டு மாதத்தில் முடிந்துபோன வேலைகள், மாறிப்போன விருப்பங்கள் எல்லாம் அங்கே கிடக்கும், இன்றைய பதில்களிலும் வந்து கலக்கும். மூன்றாவது, ஷேர் லிங்க், அதாவது ஒரு சாட்டைப் பிறருக்குக் காட்டக் கொடுக்கும் இணைப்பு. 2025 ஜூலை, ஆகஸ்ட் வாக்கில், தேடலில் தெரியலாம் என்ற பெட்டியை டிக் செய்து பகிர்ந்த சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன, அந்த வசதியையே நீக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பகிர்ந்த லிங்க்குகள் இருந்தால் செட்டிங்ஸில் அவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு, போய் நீக்குங்கள். நான்காவது, உங்கள் கணினியே. சாட்ஜிபிடி மேக் ஆப் உரையாடல்களை மறையாக்கம் செய்யாமல் வெறும் எழுத்தாகச் சேமித்தது 2024 ஜூலையில் தெரியவந்து, பிறகு திருத்தினார்கள். கணினியைப் பிறரோடு பகிர்பவர் என்றால் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுபவர்களுக்கு இரண்டு வரி. எல்எம் ஸ்டுடியோ போன்றவற்றில் சாட்கள் உங்கள் டிஸ்க்கிலேயே ஃபைல்களாக இருக்கும், காப்பி எடுப்பதும் அழிப்பதும் உங்கள் கையில். ஆனால் எல்லை அங்கே இன்னும் சின்னது. அதே வகை மென்பொருளான ஒல்லாமா நீண்ட காலம் 2,048 டோக்கனையே இயல்பாக வைத்திருந்தது, பிறகுதான் 4,096 ஆயிற்று. மாடல் 1,28,000 தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் இந்த அமைப்பை நீங்களே கூட்டாவிட்டால் பயனில்லை. கூட்டினால் கணினியின் நினைவகத்தைத் தின்னும். மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1-ன் 8 பில்லியன் அளவுரு கொண்ட மாடலில், எண்களை 16-பிட் அளவில் வைத்தால், ஒவ்வொரு டோக்கனுக்கும் 128 கிலோபைட் பிடிக்கும். 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி, 32,768-க்கு 4 ஜிபி, அதுவும் மாடலே பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு மேல்.

உங்கள் ஆப் கணினியின் ஃபைல்களைத் திறந்து மாற்றும் வகை என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஒரே ஃபோல்டரில் இரண்டு சாட்களை ஒரே நேரத்தில் வேலை செய்ய விடாதீர்கள். முதல் சாட் மாற்றிய ஃபைலை இரண்டாவது சாட் பழைய நினைப்பிலேயே எழுதி அழித்துவிடும்.

இனி உங்கள் எட்டு மாத சாட். அதை உடனே டெலிட் செய்ய வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் டேட்டா பகுதிக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுங்கள், அதாவது உங்கள் சாட்களின் பிரதியை வெளியே எடுங்கள். மின்னஞ்சலில் ஒரு லிங்க் வரும், அதற்கு நேரம் ஆகலாம், வந்த லிங்க்குக்குக் காலாவதியும் உண்டு, அதனால் வந்தவுடன் இறக்கிவிடுங்கள். ஜிப்பைத் திறந்து உங்கள் சாட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த சாட்டில் கைமாற்றுக் குறிப்பு கேளுங்கள். அது இப்போதே மறக்கும் நிலையில் இருப்பதால் கடைசிச் சில வாரங்களைப் பற்றித்தான் எழுதும். முந்தைய மாதங்களுக்கு, எக்ஸ்போர்ட்டில் இருக்கும் பழைய பகுதியை மாதவாரியாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு தற்காலிக சாட்டில் ஒட்டி அதே குறிப்பைக் கேளுங்கள். எட்டுக் குறிப்புகள் கிடைக்கும். அவற்றை நீங்களே உட்கார்ந்து, கையால், ஒன்றாக்குங்கள். பாதிக்கு மேல் முடிந்துபோன சமாச்சாரமாக இருக்கும். மிஞ்சுவது இரண்டு பக்கம் வந்தால் அதிகம். அதை வேலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ப்ராஜெக்ட், ஒரு புது சாட். பழைய சாட்டின் பெயரை "பழையது – எக்ஸ்போர்ட் ஆயிற்று" என்று மாற்றி ஆர்க்கைவில் ஒரு மாதம் வைத்திருங்கள். அந்த மாதத்தில் எத்தனை முறை அதைத் திறந்தீர்கள் என்று பார்த்துவிட்டு டெலிட் பட்டனை அழுத்தலாம்.